ஒரே நாளில் விட்டவர்

பீடி குடிக்கிறவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடிக்காதவரையும் பார்த்திருப்பீர்கள். இந்த இரண்டு பேராலும் ஊருக்குப் பெரிய தொல்லை கிடையாது. அவர் புகையை விடுவார், இவர் மூக்கைப் பொத்துவார், பஸ் வந்ததும் இரண்டு பேரும் ஏறிப் போய்விடுவார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவதாக ஓர் இனத்தைப் பற்றி. பஸ் வந்தாலும் ஏறாத இனம். குடிக்கிறவர் தோளில் கையைப் போட்டு, "நானும் ஒரு காலத்துல உம்மளை மாதிரித்தான்வே இருந்தேன்" என்று ஆரம்பிக்கிற இனம். ஒரே நாளில் விட்டவர்!

கவனியுங்கள், வெறுமே விட்டவர் அல்ல. வெறுமே விட்டவர்கள் நம் பக்கத்தில் எத்தனையோ பேர். திணறித் தடுமாறி விட்டுவிட்டு, கடலை மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருப்பார்கள். அவர்கள் நல்லவர்கள். நான் சொல்கிறவர் விட்டது ஒரே நாளில். அதைச் சொல்லி முடிக்கத்தான் ஓர் ஆயுள் போதவில்லை.

இவரை எங்கே பார்க்கலாம்? கல்யாண வீட்டில் பார்க்கலாம், துட்டி கேட்கிற சாவு வீட்டில் பார்க்கலாம். ஆனால் செழித்து வளர்வது ஆஸ்பத்திரியில்தான். காரணம் இருக்கிறது. நடமாடுகிற மனிதன் இவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு ஓடிவிடுவான். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறவன் எங்கே ஓடுவான்?

எனக்குத் தெரிந்து இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, எங்கள் தெருக்காரர் உச்சிமாகாளி அண்ணாச்சி. போலீசில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபின் காலையில் வாக்கிங், பேப்பர், இட்லி, அதன்பிறகு தென்காசியில் ஏதாவதோர் ஆஸ்பத்திரி. தெரிந்தவர் யாராவது படுத்திருந்தால் அவரைப் பார்க்கப் போவார். தெரிந்தவர் யாரும் படுத்திருக்காவிட்டால் தெரியாதவரைப் பார்க்கப் போவார். ஒரு சீப்பு மலைப்பழம் வாங்கிக்கொள்வார். கட்டிலில் கிடக்கிறவரின் காலை மெதுவாக நகர்த்தி, அந்த இடத்தில் உட்கார்ந்து, ஒரு பழத்தைப் பிய்த்துத் தானே உரித்துத் தின்றுகொண்டு கேட்பார்:

"பீடியா, சிகரெட்டா?"

என்ன நோய் என்று கேட்க மாட்டார். குடலிறக்கமாக இருக்கட்டும், மாடு முட்டினதாக இருக்கட்டும், மூல காரணம் புகை. ஒரு தடவை பக்கத்துக் கட்டிலில் பல்லி விழுந்த சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு வந்தவர் ஒருத்தர் கிடந்தார். அவரிடமும் கேட்டார். "நான் பீடியே குடிக்கதில்ல அண்ணாச்சி" என்றார் அவர் பயந்துபோய். "குடிக்காதீரும்" என்று எச்சரித்துவிட்டு வந்தார்.

பிறகு கதை. "நான் எப்படி விட்டேன் தெரியுமா? ஒரே நாள்! குத்தாலத்துல நல்ல சீசன். அருவிக்கு முன்னால நின்னேன். பாக்கெட்டை எடுத்தேன். எறிஞ்சேன்! தண்ணி கொண்டு போயிருச்சு. திரும்பி வந்தேன். அன்னையிலிருந்து இன்னைக்கு வரைக்கும் கையால தொட்டதில்ல. மனசுதான்வே. ஆம்பளைக்கு வேண்டியது மனசு!"

கதை ஒன்றுதான். ஆனால் அருவி மாறும். கேட்கிறவர் தென்காசிக்காரராக இருந்தால் மெயின் அருவி. கடையநல்லூர்க்காரராக இருந்தால் பழைய குற்றாலம். கொஞ்சம் வசதியானவராகத் தெரிந்தால் ஐந்தருவி. பாக்கெட்டும் வளர்ந்தது. நான் முதலில் கேட்டபோது அதில் நாலைந்து சிகரெட் இருந்தன. பிறகு பிரிக்காத பாக்கெட் ஆயிற்று. போன ஆண்டு, துபாயிலிருந்து வந்த சிநேகிதர் கொடுத்த முழுப் பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டார். அருவியில் தண்ணீர் தடைபடாமல் விழுந்ததே ஆச்சரியம்.

இந்தக் கதையைக் கேட்டு எத்தனை பேர் பீடியை விட்டார்கள்? ஒருத்தரும் இல்லை. அண்ணாச்சியின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டதும் வார்டில் பாதிப் பேர் தூங்கிப்போனார்கள் என்பதுதான் கண்ட பலன். இதில் அண்ணாச்சிக்கு ஒரு குறையும் இல்லை. எழுந்த பிறகு சொல்லலாம் என்று காத்திருப்பார்.

இப்படி ஊராருக்குச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, சொந்தத்திலேயே ஓர் ஆள் வாய்த்தது. மனைவி ஆனந்தவள்ளியின் தம்பி இசக்கிப்பாண்டி. அச்சன்புதூரில் வீடு. புளியங்குடியில் எலுமிச்சம்பழ மூடை ஏற்றி, செங்கோட்டை வழியாக மலை ஏறிக் கேரளத்துக்குப் போகிற லாரிக்கு டிரைவர். ஸ்டீயரிங்கில் ஒரு கை, பீடியில் ஒரு கை. வீட்டில் அவன் மனைவி மஞ்சு, அந்தப் பக்கத்துப் பெண்கள் பலரையும் போல, மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்துக்கொண்டு கம்பெனிக்குப் பீடி சுற்றுகிறவள். "நான் சுத்துத வேகத்துக்கு இவரு குடிக்காரு" என்று அவள் ஒரு நாள் சொன்னது சும்மா சிரிப்புக்குத்தான்.

இசக்கிப்பாண்டிக்கு நடந்தால் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தது. கொஞ்சம் நின்றால் சரியாகும். லாரி டிரைவருக்கு நடை எதற்கு என்று விட்டுவிட்டான். பிறகு இடது காலின் சுண்டுவிரல் வலித்தது, நிறம் மாறியது, நுனி கறுத்தது. தென்காசியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: காலுக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் புகையால் சுருங்கிப் போயிருக்கின்றன. மருந்து கொடுக்கலாம். ஆனால் பீடி நின்றால்தான் மருந்துக்கு மரியாதை. "ஒண்ணு ரெண்டு" என்கிற பேச்சே கூடாது. தொடர்ந்தால் இன்றைக்கு விரல், நாளைக்குப் பாதம், அதற்குப் பிறகு முழங்கால்.

மஞ்சு வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். ஆனந்தவள்ளி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். கிளட்சை மிதிக்க வேண்டிய கால் அது. அது போனால் லாரி போயிற்று, லாரி போனால் வீடு எப்படி ஓடும்?

அண்ணாச்சிக்கும் துக்கம்தான். பொய் சொல்லக்கூடாது, மனிதர் உண்மையாகவே கலங்கிவிட்டார். மச்சினன் என்றால் அவருக்கு உயிர். ஆனால் துக்கத்தின் ஓரத்தில் ஒரு சுறுசுறுப்பும் தெரிந்தது. தீயணைப்பு நிலையத்துக்காரர் வீட்டுக்குப் பக்கத்திலேயே தீப்பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி.

காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை அத்தானின் பிரசங்கம் நடந்தது. "ஏலே மாப்ளே, மனசு வைலே! நான் எறிஞ்சேம்லா? ஒரே நாள்லா?" இசக்கிப்பாண்டி அத்தானை எதிர்த்துப் பேசுகிறவன் இல்லை. தலையைக் குனிந்து கேட்பான். அத்தான் மாடிப்படி இறங்கியதும், நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி ஓரமாகப் போய், யாரோ ஒரு புண்ணியவானிடம் பீடி வாங்கி இழுத்துவிட்டு வருவான்.

அந்த ஆஸ்பத்திரியில் புகையிலையை விட உதவி செய்வதற்கென்றே ஓர் ஆலோசகர் இருந்தார். மிஸ்ரியா என்கிற பெண்மணி. கடையநல்லூர்க்காரர். ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவரைக் 'கவுன்சிலர்' என்றுதான் சொல்வார்கள். இதனால் ஒரு குழப்பம். நோயாளிகளில் பாதிப் பேர் அவரை வார்டு கவுன்சிலர் என்று நினைத்து, தெருவில் தண்ணீர் வரவில்லை, லைட்டு எரியவில்லை என்று மனுக் கொடுப்பார்கள். அவரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அந்த லைட்டுக்கு நான் ஆள் இல்லைங்க. நீங்க பத்த வைக்கீங்கள்லா, அந்த நெருப்புக்குத்தான் நான்" என்பார்.

இசக்கிப்பாண்டியிடமும் வந்து உட்கார்ந்தார். அவன் முந்திக்கொண்டான். புத்தி சொல்ல வருகிற பெண்கள் எல்லாரும் அவனுக்கு டீச்சர்தான்.

"தெரியும் டீச்சர். விடணும். மனசு வைக்கணும். அத்தான் சொல்லிட்டாவ."

"விடுங்கன்னு நான் சொல்ல வரல. அதைச் சொல்லத்தான் உங்க வீட்டுலயே ஆள் இருக்காங்களே" என்றார் மிஸ்ரியா. "நீங்க எப்பம்லாம் குடிக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க."

இதுவரை அவனிடம் யாரும் கேட்காத கேள்வி. யோசித்துச் சொன்னான். "டீ குடிச்சதும். புளியரை செக்போஸ்ட்ல வண்டி வரிசையில நிக்கும்லா, அப்பம். மலை இறங்கையில கண்ணு சொக்கும், அப்பம். அங்கன போயி பழம் இறக்குத வரைக்கும் சும்மா இருக்கணும்லா, அப்பம்."

"வேற?"

இசக்கிப்பாண்டி வாசலைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினான். "அத்தான் வந்துட்டுப் போனதும்."

மிஸ்ரியா சிரிப்பை அடக்கப் பார்த்தார். முடியவில்லை. தூங்குவதுபோலக் கிடந்த அடுத்த கட்டில்காரரும் சிரித்துவிட்டார்.

அன்று மாலை மிஸ்ரியா அண்ணாச்சியைத் தன் அறைக்கு அழைத்தார். "அண்ணாச்சி, உங்க மச்சினர் மேல உங்களுக்கு எவ்வளவு பிரியம்னு தெரியுது. ஒரு உதவி செய்யணும். நீங்க வாங்க, பக்கத்துல உக்காருங்க. எதுவும் சொல்ல வேண்டாம். 'இன்னைக்கு எப்படி இருந்துச்சு?'ன்னு மட்டும் கேளுங்க. அவங்க சொல்லுததைக் கேட்டுக்கிட்டு இருங்க."

"அம்புட்டுத்தானா தாயி? போலீஸ்காரனுக்கு விசாரிக்கதுக்கா சொல்லித் தரணும்!" என்று கிளம்பினார் அண்ணாச்சி.

போனார். உட்கார்ந்தார். ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். இசக்கிப்பாண்டிக்குப் பயமாகிவிட்டது. "என்ன அத்தான், பல்லு வலியா?" அண்ணாச்சி கையை எடுத்தார். "இன்னைக்கு எப்படிலே இருந்துச்சு?" என்றார். ஆகா, எவ்வளவு அழகான கேள்வி! இசக்கிப்பாண்டி வாயைத் திறந்தான். "மத்தியானம் வரைக்கும் சமாளிச்சேன் அத்தான். அதுக்குப் பொறவு கை..." அவ்வளவுதான். "கை என்னலே கை! மனசுலே மனசு! நான் எறிஞ்ச அன்னைக்கு எனக்குக் கை இல்லாமலா இருந்துச்சு?" அணை உடைந்துவிட்டது. விளக்கு வைக்கிற நேரம் வரை தண்ணீர் வடியவில்லை.

ஆனாலும் மிஸ்ரியா விடவில்லை. டீக்குப் பிறகு என்ன செய்வது, செக்போஸ்டில் கையை எதில் வைத்துக்கொள்வது, ஆசை வந்தால் சில நிமிஷம் தள்ளிப்போட்டால் அது தானாகவே தணிகிற கதை என்று ஒவ்வொன்றாக அவனோடு உட்கார்ந்து பேசினார். மஞ்சு பீடிச் சுளகைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சுற்ற ஆரம்பித்தாள். விரலின் கறுப்பு மேலே ஏறாமல் நின்றது. இசக்கிப்பாண்டி வீட்டுக்கு வந்தான். குடிக்கவில்லை. எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்தச் சந்தோஷத்தைச் சும்மா விடலாமா? அண்ணாச்சிக்கு ஒரு யோசனை உதித்தது. சாரல் நன்றாக விழுகிறது. குடும்பத்தோடு குற்றாலம் போகவேண்டும். இசக்கிப்பாண்டி எல்லார் முன்னிலையிலும் அருவிக்கு முன்னால் நின்று ஒரு பீடிக்கட்டைத் தூக்கி எறியவேண்டும்! அதுதான் முறை. இவர் எறிந்த மாதிரி.

"எங்கிட்டதான் பீடியே இல்லையே அத்தான்" என்றான் இசக்கிப்பாண்டி.

"வாங்கிக்கிடுவோம்லே!"

பாருங்கள், பீடியை விட்டவனுக்கு எறிவதற்காகப் பீடி வாங்கிக் கொடுத்த ஒரே மனிதர் உலகத்தில் இவராகத்தான் இருக்கவேண்டும்.

வேன் பேசினார்கள். இடம் இருந்ததால் நானும் ஏறிக்கொண்டேன். ஐந்தருவியில் நல்ல கூட்டம். தலையில் எண்ணெய் வழிய வழிய மனிதர்கள், தேங்காய்ச் சில்லைப் பறிக்கத் தயாராகக் குரங்குகள், மேலே மழையா மூடுபனியா என்று தெரியாமல் சாரல். இசக்கிப்பாண்டியின் கட்டுப்போட்ட காலுக்கு மஞ்சு பாலித்தீன் பையை மாட்டிக் கட்டியிருந்தாள். அவன் குளிக்கக் கூடாது. கம்பி ஓரமாக நிறுத்தி, கையில் பீடிக்கட்டைக் கொடுத்து, "எறிலே!" என்றார் அண்ணாச்சி. செல்போனில் வீடியோ ஓடியது. துண்டு கட்டி நின்ற வெளியூர்க்காரர்களிடம், "இவன் என் மச்சினன். இன்னையோட விடுதான். நானும் இந்த இடத்துலதான் விட்டேன்" என்று ஒரு சிறு சொற்பொழிவும் நடந்தது.

இசக்கிப்பாண்டி கூச்சத்தோடு எறிந்தான். நாலு பேர் கைதட்டினார்கள். ஒருத்தர் விசில் அடித்தார். அந்த விசில் பாராட்டு அல்ல, போலீஸ் விசில்.

காவலுக்கு நின்ற இளவயதுப் போலீஸ்காரர் ஓடிவந்தார். "யாரு பெருசு அது? அருவிக்குள்ள குப்பை போடக்கூடாதுன்னு போர்டு வச்சிருக்கு, தெரியலையா?"

"தம்பி, நான் யாருன்னு தெரியுமா? ரிட்டயர்டு எஸ்.எஸ்.ஐ.!"

"அப்பம் போர்டு வாசிக்கத் தெரியும்லா?"

அண்ணாச்சி திரும்பி நின்று போர்டை வாசிக்கத் தொடங்கினார். நானும் மஞ்சுவும் சமாதானம் சொல்லி அந்தப் பையனை அனுப்பிவைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், இசக்கிப்பாண்டியைக் காணோம்.

தேடினோம். வேன் நிற்கிற இடத்தில், பழக்கடைகளுக்குப் பின்னால், ஒரு குட்டைச் சுவரில் பாலித்தீன் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். விரலிடுக்கில் பீடி. வேன் டிரைவரிடம் வாங்கியது.

மஞ்சு "ஐயோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அண்ணாச்சி கர்ஜித்தார். "சவத்து மூதி! இப்பம்தானலே எறிஞ்சே! கை காயலையே! நீயெல்லாம் ஒரு மனுசனா? உனக்கு மனசே கிடையாதாலே?"

அவன் எப்போதும்போலத் தலைகுனிந்து கேட்பான் என்று நினைத்தோம். அவன் நிமிர்ந்தான். கண் சிவந்திருந்தது.

"ஆமா அத்தான். எனக்கு மனசு கிடையாது. நீங்க ஒரே நாள்ல விட்டிய. நான் இத்தனை நாளா ஒவ்வொரு மணிக்கும் செத்துச் செத்துப் பொழைக்கேன். எறிஞ்சா போயிரும்னு சொன்னிய. எறிஞ்சேன். கை பீடியை விட்டுச்சு, வாயி கேக்குது. அப்பம் கோளாறு எங்கிட்டத்தான? நமக்கு இது ஆகாது. டாக்டர்ட்டச் சொல்லிருங்க, காலை எடுக்கதுன்னா எடுக்கட்டும்."

அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மஞ்சு அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாரல் பெய்துகொண்டிருந்தது.

அப்போது ஆனந்தவள்ளி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தம்பி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அதிகம் பேசாதவள். பேச வாய்ப்பில்லாத வீடு.

"ஏலே பாண்டி, இவுக எறிஞ்சது வாஸ்தவம். இங்கனதான் எறிஞ்சாவ. நானும் நின்னேன்."

"பாத்தியா!" என்றார் அண்ணாச்சி.

"சும்மா இருங்க. எறிஞ்சுட்டு வந்து காருல ஏறுனாவ. கதவைச் சாத்துனாவ. உடனே கதவைத் திறந்துக்கிட்டுத் திரும்பி ஓடுனாவ. அந்தா, தண்ணி ஓடுதுல்லா கீழ, அதுல வேட்டியை மடிச்சுக் கெட்டிக்கிட்டு இறங்கிப் பாறை பாறையாத் தேடுனாவ. குளிக்க வந்த ஒரு அம்மா, 'என்னண்ணே, மோதிரம் விழுந்துட்டா?'ன்னு கேட்டா. இவுக தலையை ஆட்டிட்டாவ. பாவம், அவளும் இறங்கித் தேடுனா. அவ வீட்டுக்காரரும் இறங்குனாரு. பொறவு யாரு யாரோ இறங்குனாவ. எல்லாருமாச் சேந்து மோதிரத்தைத் தேடுதாவ. கடைசில இவுக ஒரு பாறை இடுக்குலயிருந்து சிகரெட் பாக்கெட்டை எடுத்தாவ பாரு, அம்புட்டுப் பேரும் இவுக மூஞ்சியைத்தான் பாத்தாவ."

இசக்கிப்பாண்டி அக்காளைப் பார்த்தான். அத்தானைப் பார்த்தான். "நெசமாவா அத்தான்?"

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். மறுப்பார், கோபப்படுவார், "இவளுக்கு ஞாபகமறதி" என்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் மச்சினனின் பாலித்தீன் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

"பாக்கெட்டு காஞ்சுதா?" என்றான் இசக்கிப்பாண்டி.

"எங்கலே காயும்? சீசன்லா. இந்தா, இதே சாரல்" என்றார் அண்ணாச்சி, மிகவும் மெல்லிய குரலில். "செங்கோட்டை ரோட்டுல ஒரு கடையில புதுசு வாங்குனேன்."

முதலில் சிரித்தது மஞ்சு. அழுகையும் சிரிப்புமாக. பிறகு இசக்கிப்பாண்டி. அவன் சிரித்த சிரிப்பில் பீடி கையிலிருந்து எப்போது கீழே விழுந்தது என்று யாரும் கவனிக்கவில்லை. ஈரத்தில் கிடந்து அணைந்துபோயிற்று. அவனும் குனியவில்லை.

"அப்பம் எப்படித்தான் விட்டிய?"

அண்ணாச்சி சுவரில் அவனுக்கு மறுபக்கம் உட்கார்ந்தார். "எங்கலே விட்டேன்? எத்தனை தடவையோ விட்டு எத்தனை தடவையோ பிடிச்சேன். ஒரு தடவை உங்க அக்கா தாலியைத் தொட்டுச் சத்தியம் பண்ணுனேன். மறுநா சாயங்காலம் ஸ்டேஷன் ஜீப்புக்குப் பின்னால நின்னு குடிச்சேன். வீட்டுல தட்டை எறிஞ்சிருக்கேன். சின்னப்புள்ள மாதிரி அழுதிருக்கேன். பொறவு சாப்பிட்டதும் இவ என்னை நடக்கக் கூட்டிட்டுப் போவா, காசிவிசுவநாதர் கோயில் வரைக்கும். அந்த நேரந்தான் எனக்கு ரொம்பப் படுத்தும். இவ ஒண்ணும் சொல்ல மாட்டா. கூடவே நடப்பா. அப்படியே, எப்பம்னு தெரியாமலே, கொறஞ்சு போச்சு."

"ஏன்க்கா ஒண்ணும் சொல்லலை?" என்று கேட்டான் இசக்கிப்பாண்டி.

"எங்கலே பேச விட்டாவ?" என்றாள் ஆனந்தவள்ளி. "போகையிலயும் வரையிலயும் இவுகதான் பேசுனாவ."

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இசக்கிப்பாண்டி அன்றோடு விட்டுவிடவில்லை. அப்படிச் சொன்னால் நானும் அந்த இனத்தில் சேர்ந்துவிடுவேன். இன்னும் ஒரு முறை தவறினான். முன்பானால் ஒளித்திருப்பான். இப்போது மிஸ்ரியாவுக்கே போன் போட்டு, "டீச்சர், நேத்து ஒண்ணு ஆயிப்போச்சு" என்றான். அவர் திட்டவில்லை. எந்த இடத்தில், யாரோடு என்று கேட்டுவிட்டு, அடுத்த தடவை அந்த இடத்தை எப்படித் தாண்டுவது என்று பேசினார். கறுத்த சுண்டுவிரலின் நுனியை எடுக்கவேண்டியதாயிற்று. அதோடு நின்றது. பாதம் தப்பியது, கால் தப்பியது. கொஞ்ச மாதத்தில் அவன் மறுபடி லாரி ஏறினான். இப்போது புளியரையில் வரிசையில் நிற்கும்போது அத்தானுக்குப் போன் போடுகிறான். அத்தான் "ம்" கொட்டுகிறார். ஆமாம், உச்சிமாகாளி அண்ணாச்சிதான், வெறும் "ம்"! பக்கத்தில் ஆனந்தவள்ளி உட்கார்ந்திருக்கிறாள் என்பதும் உண்மை.

அப்படியானால் அண்ணாச்சி திருந்திவிட்டாரா? இதைத்தானே கேட்கிறீர்கள்?

மிஸ்ரியா கேட்டுக்கொண்டதன் பேரில், தோற்ற கதையை வார்டில் சொல்லச் சம்மதித்தார். முதல் நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். கட்டிலில் கிடந்த ஒருத்தர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கும் இப்படித்தான் அண்ணாச்சி" என்றார். இன்னொருத்தர் தலையணைக்குக் கீழிருந்து பீடிக்கட்டை எடுத்து மிஸ்ரியாவிடம் கொடுத்தார். நல்ல பலன். அந்தப் பலனைப் பார்த்ததும் அண்ணாச்சிக்குப் பழைய உற்சாகம் திரும்பிவிட்டது. இப்போது ஓடையில் மோதிரம் தேடியவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. சமீபத்தில் கேட்டபோது ஒரு கல்லூரி பஸ்ஸே இறங்கித் தேடியது. தோற்பதிலும் தன்னைவிட யாரும் அதிகம் தோற்றிருக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். அது மட்டுமா? நோயாளியைப் பார்க்க வருகிற உறவினர்களை வராந்தாவில் மடக்கி, "பேசக் கூடாதுவே! கேக்கணும்! அடுத்தவன் பேசுததைக் காது குடுத்துக் கேக்கணும்!" என்று அரை மணி நேரம் பேசுகிறார்.

ஆனாலும் அவர் செருப்புச் சத்தம் கேட்டு இப்போது யாரும் தூங்குவதில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். நல்லது. நீங்கள் பீடியையே தொட்டதில்லை, ஆகவே இந்த இனத்தில் சேரமாட்டீர்கள் என்ற நிம்மதி முகத்தில் தெரிகிறது. சரி, சீனியை விட்டிருக்கிறீர்களா? ராத்திரிச் சோறு? டீ? காலையில் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிற பழக்கம் ஏதாவது உண்டா? அதை நேற்றுக் கல்யாண வீட்டுப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் பாயசத்தில் கையை வைக்கும்போதா சொன்னீர்கள்?

இல்லையா? மிகவும் சந்தோஷம். இன்னும் ஒன்றே ஒன்று. இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்ததே, மச்சினனோ மாமாவோ ஆபீஸ் சிநேகிதரோ, 'இதை அவனுக்கு அனுப்பணும், அப்பத்தான் புத்தி வரும்' என்று தோன்றியதே. தாராளமாக அனுப்புங்கள். ஆனால் அதற்குக் கீழே நீங்களாக இரண்டு வரி சேர்த்து எழுதத் தொடங்கியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த இரண்டு வரி எதற்கு?